ஒன்பது வயதுக்கு ஒரு புத்தகம்

நகர நூலகத்தின் இரண்டாம் மாடியில் உள்ள குழந்தைகள் பிரிவில், வயதுக்கு மீறிய புத்தகம் சிமெண்ட் மூட்டையாகக் கனத்தது. வயது தாண்டிப்போன புத்தகம் கையில் நிற்காமல் மேலே போய்க் கூரையில் ஒட்டிக்கொண்டது. எப்போது தொடங்கியது என்று கேட்டால் லிஃப்ட் பழுதான வருஷம் என்பார்கள். இரண்டுக்கும் சம்பந்தம் கிடையாது. கனத்த புத்தகங்களைப் படிக்கட்டு வழியாக இறக்க வேண்டியிருந்ததால் ஊர் அப்படி ஞாபகம் வைத்துக்கொண்டது, அவ்வளவுதான். குழந்தை எடுத்தாலும் சரி, குழந்தைக்காக அப்பா அம்மா எடுத்தாலும் சரி, எடை அந்தக் குழந்தைக்கு உரிய எடையாகவே இருந்தது. அண்ணனுக்கென்று எடுத்தால் ஒரு கையில் அடங்குகிற புத்தகம், தங்கைக்கென்று எடுத்ததும் விரலை மேசையோடு நசுக்கியது. சரியான வயதுக்குச் சரியான புத்தகம் வாய்த்தால் அதிசயம் எதுவும் நடக்காது. அது ஒரு புத்தகத்தின் எடையில் இருக்கும். கீழ்த்தளத்தில் பெரியவர்கள் பிரிவில் இந்தத் தொல்லையெல்லாம் இல்லை. அங்கே எல்லாரும் எல்லாவற்றையும் எடுத்துப்போய்ப் படிக்காமலே திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

குழந்தைகள் பிரிவைப் பார்த்துக்கொண்ட நூலகரின் பெயர் ஊரில் பலருக்குத் தெரியாது. யார் வந்து நின்றாலும் தலையை நிமிர்த்தாமல் "எத்தனை வயசு?" என்று அவர் கேட்பதால் அதுவே பெயராகிவிட்டது. "எத்தனைவயசு இன்னைக்கு லீவாம்" என்றால் யாரைப் பற்றிய பேச்சு என்று எல்லாருக்கும் தெரியும். புத்தகங்களின் முதுகில் அவரே வண்ணக் காகிதம் வெட்டி ஒட்டியிருந்தார். மூன்று வயது வரை சிவப்பு, அங்கிருந்து மஞ்சள், பச்சை, நீலம் என்று ஏறிப் பதினான்கில் கறுப்பில் முடியும். சிவப்புப் புத்தகத்தைக் கடித்தாலும் கிழியக் கூடாது. ஐந்து வயதுக்கு ஒரே வரி திரும்பத் திரும்ப வர வேண்டும், வராவிட்டால் அது ஏமாற்று வேலை. ஏழு வயதில் யாராவது வழுக்கி விழ வேண்டும், விழுகிறவர் பெரிய அதிகாரியாக இருந்தால் நல்லது. ஒன்பது வயதுக்கு ஒரு ரகசியம் போதும். பன்னிரண்டுக்கு, வீட்டில் ஒருவருக்கும் தன்னைப் புரியவில்லை என்று நம்புகிற ஒரு பெண்ணோ பையனோ கதையில் இல்லாவிட்டால் அந்தப் புத்தகத்தை அலமாரியிலேயே விட்டுவிடலாம். இதெல்லாம் அவர் படித்துத் தெரிந்துகொண்டதல்ல, பிள்ளைகள் எந்தப் பக்கத்தில் எழுந்து தண்ணீர் குடிக்கப் போகிறார்கள் என்று கவுன்ட்டரிலிருந்து பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது. ஓர் அட்டைக்கு ஒரு புத்தகம்தான் தருவார். இரண்டு கொடுத்தால் இரண்டிலும் முதல் பத்துப் பக்கத்தோடு நின்றுவிடுவார்கள் என்பது அவர் கட்சி. கெஞ்சினாலும் அழுதாலும் அந்த விதி தளர்ந்ததில்லை.

புத்தகங்கள் கனக்கத் தொடங்கியபோது முதலில் சந்தோஷப்பட்டவர் அவர்தான். இனிமேல் பெற்றோரிடம் வாதாட வேண்டியதில்லை, தூக்கிப் பார்த்தால் அவர்களுக்கே தெரிந்துவிடும் என்று நினைத்து நிம்மதியாக ஒரு டீ குடித்தார். அந்த வேலையில் அவர் நிம்மதியாகக் குடித்த கடைசி டீ அதுதான். அடுத்த நாளே ஒருவர் தன் நாலு வயது மகனுக்காக விண்வெளிக் கலைக்களஞ்சியம் ஒன்றை எடுத்தார். அலமாரியிலிருந்து இழுத்ததும் அது கீழே விழுந்து தரைக்கல்லை உடைத்தது. அவர் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு மகனைப் பெருமையோடு பார்த்தார்.

"சார், அது அவனுக்கு இல்ல. அதனாலதான் கனக்குது" என்றார் நூலகர்.

"கனக்கட்டும் மேடம். என் பையன் மத்த பசங்க மாதிரி கிடையாது. ஒரு வண்டி மட்டும் ஏற்பாடு பண்ணிக் குடுங்க."

இப்படித்தான் ஊர் கெட்டது. கனம் என்பது எச்சரிக்கை என்று நூலகர் நினைத்தார். பெற்றோர் அதைத் தரச் சான்றிதழாக எடுத்துக்கொண்டார்கள். பூங்காவில் சந்தித்துக்கொண்ட அம்மாக்கள், "உங்க பொண்ணு புத்தகத்த எத்தனை பேர் தூக்குனாங்க?" என்று விசாரித்தார்கள். தள்ளுவண்டிச் சுமைக்காரர் ஒருவர் நூலக வாசலிலேயே நிரந்தரமாக நின்றுகொண்டார். வேறு எங்கும் போக அவருக்கு நேரமில்லை. ஒரு பள்ளிக்கூடத்தில் வாயிற்கதவருகே எடை இயந்திரம் வைத்து, பை எத்தனைக்கெத்தனை கனக்கிறதோ அத்தனைக்கத்தனை நல்ல பிள்ளை என்று முன் வரிசையில் உட்கார வைத்தார்கள். அடுக்குமாடிக் கட்டடங்களில் விரிசல் விட்டது. நகராட்சிப் பொறியாளர் வந்து பார்த்து, இரண்டாம் மாடிக்கு மேல் குடியிருப்பவர்கள் பிள்ளைகளை அறிவாளியாக்குவதாக இருந்தால் தரைத்தளத்துக்கு மாறிக்கொள்ளட்டும் என்று அறிவிப்பு ஒட்டினார். அவர் வீட்டுப் படுக்கையறைத் தரை அதற்கு முந்தின மாதமே இறங்கியிருந்தது. நூலகர் ஒவ்வொருவரிடமும் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொன்னார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கனத்த புத்தகம் பிரிக்கப்படாமல் வீட்டு மூலையில் கிடந்தது, பிள்ளை அதன் மேல் ஏறி நின்று ஜன்னலுக்கு வெளியே பார்த்தது.

மிதக்கிற புத்தகங்களின் கதை வேறு. பிறந்தநாள் வந்ததும் போன வருஷத்துப் படப் புத்தகம் ஒன்று மெல்ல எழுந்து, மின்விசிறியைச் சுற்றிக்கொண்டு மேலே போகும். ஒரு கழியால் தள்ளினால் நகரும், கீழே வராது. சின்ன வீடுகளில் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, மேலே புத்தகம் கீழே குடும்பம் என்று இருந்துவிட்டார்கள். வசதியான வீடுகளில்தான் மானப் பிரச்சினை. விருந்தாளி அண்ணாந்து பார்த்து, இந்த வீட்டுப் பிள்ளை இன்னும் இதையெல்லாம் வைத்துக்கொண்டிருக்கிறது போலிருக்கிறது என்று நினைத்துவிட்டால் என்ன ஆவது? சுமைக்காரர் நீளக் கொக்கி ஒன்றையும் வாங்கி வைத்துக்கொண்டு, கனத்ததை ஏற்றுவதோடு மிதந்ததை இறக்கும் வேலையையும் எடுத்துக்கொண்டார்.

நூலகருக்கு ஒரு தம்பி. காப்பீட்டு நிறுவனத்தில் அதிகாரி. ஊரில் பாதிப் பேர் திட்டிக்கொண்டேனும் அக்காவிடம் புத்தகம் கேட்டார்கள். தம்பி மட்டும் கேட்கவில்லை. சின்ன வயதில் அக்கா கணக்கில் தோற்றதை அவர் மறக்கவே இல்லை. அவர் மகளுக்கு ஒன்பது வயது. பள்ளி விட்டதும் அம்மா வந்து கூட்டிப்போகும்வரை அத்தையின் நூலகத்தில்தான் உட்கார்ந்திருப்பாள். அதிகம் பேச மாட்டாள், பேசினால் மீனைப் பற்றிப் பேசுவாள். ஆழ்கடலில் வெளிச்சமே கிடையாது என்றும் அங்கே ஒரு மீன் தன் தலையிலேயே விளக்கு வைத்திருக்கிறது என்றும் யாரோ சொல்லக் கேட்டிருந்தாள்; அந்த விளக்கை யார் ஏற்றுகிறார்கள் என்பது அவளுக்குப் பெரிய கவலையாக இருந்தது. தம்பி இதைக் கேட்டுவிட்டு ஒருநாள் வந்து, ஆழ்கடல் உயிர்களைப் பற்றிய கறுப்புக் காகிதப் புத்தகத்தைச் சுமைக்காரர் முதுகில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பினார். ஒன்பது வயதுக் குழந்தைக்குப் பதினாலு வயதுப் புத்தகம். வீட்டில் அதைப் பக்கம் பக்கமாக நகர்த்தியே அவள் வலது தோள் இறங்கிப்போனது. டாக்டர் தோளுக்குக் கட்டுப் போட்டார். அத்தைக்கு வந்த கோபத்தில் தம்பி வீட்டுக்கே போய், சுமைக்காரரை வைத்து அந்தப் புத்தகத்தைத் திருப்பிக் கொண்டுவந்து அலமாரியில் போட்டார். "இன்னொரு தடவை என் கையால இத உனக்குத் தர மாட்டேன்" என்று தம்பியிடம் சொன்னார். பக்கத்தில் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

அக்கா போட்ட போட்டுக்குத் தம்பி பதிலுக்கு ஏதாவது செய்ய வேண்டுமே. அண்ணாந்து பார்த்தார். மகளின் கட்டிலுக்கு மேலே கூரையில் அவளுடைய சிவப்புக் காகிதப் புத்தகம் ஒன்று ஒட்டியிருந்தது. ஓர் எருமை கொட்டாவி விடுகிறது, அதைப் பார்த்து எதிரில் வரும் எல்லாரும் கொட்டாவி விடுகிறார்கள், கடைசியில் ஊரே தூங்கிவிடுகிறது, கதை அவ்வளவுதான். தூங்குமுன் அவள் படுத்தபடியே கீழிருந்து அதன் அட்டையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இதனால்தான் மூளை வளரவில்லை என்று தம்பி கண்டுபிடித்தார். சுமைக்காரரின் கொக்கியால் அதை இறக்கி, இரும்புப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார். உள்ளே அது மேல்தகட்டை அவ்வப்போது டொக் டொக் என்று முட்டிக்கொண்டிருந்தது. விருந்தாளிகள் கேட்டால் எலி என்றார்.

அதோடு அவள் படிப்பதை நிறுத்தினாள். அழவில்லை, அடம் பிடிக்கவில்லை. நூலகத்தில் வந்து உட்கார்ந்து மேசை மரத்தின் ரேகையை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். அத்தை பதறிப்போய் ஒன்பது வயதுக்கான பச்சை அலமாரியையே அவள் முன்னால் கவிழ்த்தார். ரகசியக் குகை, காணாமல் போன நாய், சைக்கிளில் உலகம் சுற்றிய அக்கா தங்கை, பேய் வாடகைக்கு இருந்த வீடு. ஒவ்வொன்றையும் அவள் மறுக்காமல் வாங்கினாள், சிரமமில்லாமல் தூக்கிக்கொண்டு போனாள், மறுநாள் அப்படியே கொண்டுவந்து வைத்தாள். எடை சரியாக இருந்தது. வேறு எதுவும் சரியாக இல்லை. எத்தனையோ வீட்டுப் பிள்ளைகளுக்குப் பொறுக்கிக் கொடுத்தவருக்குச் சொந்தத் தம்பி மகளுக்கு ஒரு புத்தகம் பொறுக்கத் தெரியவில்லை. இப்படி நின்றுபோகிற பிள்ளைகளை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். பெரும்பாலும் அவர்கள் திரும்பி வருவதில்லை. வளர்ந்து பெரியவர்களாகி, தங்கள் பிள்ளைக்கென்று கனத்த புத்தகம் தேடிக்கொண்டு வருவார்கள். இவளும் அப்படி ஆகிவிடுவாளோ என்று பயந்தார். அந்த வாரங்களில் அவர் பெற்றோரிடம் வழக்கத்தைவிடக் கூடுதலாக எரிந்து விழுந்தார்.

ஒரு சனிக்கிழமை அலமாரி துடைக்கும்போது ஆழ்கடல் புத்தகத்தைக் காணவில்லை. சுமைக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டார். "அது என்கிட்ட வரல மேடம். வந்திருந்தா என் முதுகுக்குத் தெரியாம இருக்குமா?" என்றார் அவர். சந்தேகமே இல்லை, தம்பி வேலைதான். வேறு ஆள் வைத்து இரகசியமாக இறக்கியிருக்கிறான். நூலகர் கதவைப் பூட்டிவிட்டு நேரே தம்பி வீட்டுக்குப் போனார். தம்பி கதவைத் திறந்தபோது அவரும் சண்டைக்குத் தயாராகத்தான் நின்றார்.

"நீயே வந்துட்டியா. நல்லதாப் போச்சு. எருமை எங்கக்கா?"

"கடல் எங்கடா?"

"எந்தக் கடல்? ரெண்டு வாரமா பீரோ சத்தமே போடல. எலி செத்துடுச்சோன்னு ஒரு விருந்தாளி கேட்டப்புறம்தான் தெறந்து பாத்தேன். காலி. சாவி வைக்கிற இடம் உனக்குத் தெரியும்."

"உன் பீரோவத் தெறந்து எருமை திருடுறதுதான் எனக்கு வேலையா? பதினாலு வயசு புத்தகத்த திரும்பவும் குழந்தை தலைல கட்டியிருக்க. அந்தத் தோள் என்னத்துக்கு ஆகும்?"

இப்படியே அவர்கள் சின்ன வயதுக் கணக்குப் பரீட்சை வரை போய்த் திரும்பினார்கள். தம்பி மனைவி ஈரத் துணி வாளியோடு அவர்களைத் தாண்டிப் போனார். போகிற போக்கில், "ரெண்டும் மாடில இருக்கு. ரெண்டு வாரமா அங்கதான் இருக்கு. யாராவது என்னைக் கேட்டாதானே சொல்ல முடியும்" என்றார்.

மொட்டைமாடியில் காய்ந்துகொண்டிருந்த போர்வைகளுக்கு நடுவே அவள் உட்கார்ந்திருந்தாள். அவள் மார்பு உயரத்தில், எதன் மேலும் வைக்கப்படாமல், ஆழ்கடல் புத்தகம் விரித்தபடி நின்றது. அதன் அடியில் எருமைப் புத்தகம். இரண்டையும் பள்ளிச் சீருடை பெல்ட்டால் இறுக்கிக் கட்டியிருந்தாள். எருமை மேலே இழுத்தது, கடல் கீழே இழுத்தது, இரண்டும் சேர்ந்து சும்மா இருந்தன. அவள் ஒரு விரலால் தள்ளினால் நகர்ந்தன, விட்ட இடத்தில் நின்றன. பீரோவைத் திறந்து எடுத்த எருமையைப் பள்ளிப் பைக்குள் வைத்துக்கொண்டு நூலகத்துக்கு வந்து, அலமாரி விளிம்பில் இருந்த கடலுக்கு அடியில் அதைச் செருகிக் கட்டி, நூலகரின் கவுன்ட்டர் வழியாகவே நடந்து போயிருக்கிறாள். அவள் உள்ளே வரும்போது பை முதுகை விட்டு மேலே எழும்பி நின்றதை அத்தையும் அன்று பார்த்தார்தான். பையில் ஒன்றுமே இல்லை போலிருக்கிறது, பாவம் என்று நினைத்துக்கொண்டார்.

"இத எப்படிடி வெளிய கொண்டுவந்த?" என்றார் அத்தை.

"நடந்துதான் அத்தை. நீங்க ஒரு அங்கிள்கூட சண்டை போட்டுட்டு இருந்தீங்க."

தம்பிக்கு மகள் கடலைப் படிப்பதில் சிரிப்பு வந்தது, எருமையைப் பார்த்ததும் போய்விட்டது. "அது சரி, எருமை எதுக்கு? நீ என்ன பாப்பாவா?"

"அது இல்லாம கடலைத் தூக்க முடியலப்பா." கொஞ்சம் யோசித்துவிட்டு மீதியையும் சொன்னாள். "அப்புறம், விளக்கு மீன் பக்கம் பயமா இருக்கு. பல்லெல்லாம் வெளிய நீட்டிட்டு இருக்கும். அது வந்துச்சுன்னா கீழ வந்து எருமை ரெண்டு பக்கம் படிப்பேன். கொட்டாவி வந்துடும். அப்புறம் மேல போய் மீன் படிப்பேன். விளக்க யாரும் ஏத்தல, அது உள்ள பூச்சி இருக்கு, கண்ணுக்குத் தெரியாத பூச்சி. அதுதான் எரியுது."

நூலகருக்குத் தொழில் புத்தி விடவில்லை. "ஒண்ணு மூணு வயசுக்கு, ஒண்ணு பதினாலு வயசுக்கு" என்றார். "உனக்கு உண்மையிலேயே எத்தனை வயசு?"

அவள் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "எப்ப அத்தை?"

இத்தனை வருஷமாக அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தவரிடம் யாரும் திருப்பி ஒரு கேள்வி கேட்டதில்லை. பதில் சொன்னவர்கள் எல்லாரும் அப்பா அம்மாக்கள். நூலகர் ஒரு போர்வையைப் பிடித்துக்கொண்டு நின்றார். தம்பி எருமையைப் பூட்டினான், தான் கடலைப் பிடுங்கினோம், ஆளுக்குப் பாதியாகக் குழந்தையை வெறுங்கையாக்கியிருக்கிறோம் என்பது அவருக்கு அங்கே வைத்துத்தான் புரிந்தது. வெட்கமாக இருந்தது. அவள் படிக்கிறாள் என்பதில் கண்ணீரும் வந்தது, வந்ததற்காக அவருக்கே தன்மேல் எரிச்சலாகவும் இருந்தது. "ஸ்டாம்ப் போடாம எடுத்துட்டு வந்திருக்க. திங்கக்கிழமை ரெண்டையும் கொண்டுவா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கீழே இறங்கினார். படிக்கட்டில் தம்பி, "பாத்தியாக்கா, கடல் புத்தகம் அவளுக்கு ஏத்ததுதான்னு நான் அப்பவே சொன்னேன்" என்றார். "எருமை இல்லாம படிச்சாளாடா?" என்றார் அக்கா. கணக்குப் பரீட்சை மறுபடி வந்தது.

திங்கட்கிழமையிலிருந்து ஓர் அட்டைக்கு இரண்டு புத்தகம் என்று விதி மாறியது. ஒன்று எடுக்க, ஒன்று தாங்க. மாறியதும் ஊர் திருந்திவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். "சரி மேடம், எந்த ரெண்டு? ஏழு வயசுக்கு எதோட எதக் கட்டணும்னு எழுதிக் குடுத்துடுங்க" என்று அதே பெற்றோர் அதே வரிசையில் வந்து நின்றார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை கட்டிய அதே ஜோடிதான் வேண்டும் என்று ஒருவர் மல்லுக்கு நின்றார். கட்டிப் பார்த்தால் அவர் பிள்ளைக்கு அது கூரைக்குப் போனது. பெல்ட் எந்தக் கடையில் வாங்கியது என்றும் கேட்டார்கள். நூலகர் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் "எத்தனை வயசு?" என்று கேட்டுவிட்டு அப்பாவின் வாய் திறக்கும்போது கையைக் காட்டி நிறுத்தி, கவுன்ட்டருக்கு மேல் எட்டிப் பார்த்து, கீழே நிற்கிற ஆளின் பதிலுக்காகக் காத்திருக்கப் பழகிக்கொண்டார். பதில்கள் விதவிதமாக வந்தன. "ஸ்கூல்ல ஆறு" என்றான் ஒருவன். இடி இடிக்கும்போது இரண்டு என்றாள் ஒருத்தி. அவர் அதற்குத் தகுந்தாற்போல் எழுந்து போய்த் தேடினார். வண்ணக் காகிதங்கள் அப்படியேதான் இருந்தன. அவற்றால் எந்தக் கெடுதலும் இல்லை.

சுமைக்காரர் பிழைப்புப் போயிற்று என்று புலம்பினார். பிறகு கட்டடத்து விரிசல்களுக்கு மணலும் ஜல்லியும் ஏற்றுகிற வேலை வந்தது. அதில் அவர் சந்தோஷமாகவே இருந்தார், மணல் எல்லாருக்கும் ஒரே எடை என்பதால். எடை இயந்திரத்தைப் பள்ளிக்கூடம் பழைய இரும்புக்குப் போட்டது. லிஃப்டை யாரும் சரி செய்யவில்லை.

தம்பி மகள் ஆழ்கடலை முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். வருஷா வருஷம் அந்தப் புத்தகம் கொஞ்சம் லேசாகிக்கொண்டு வந்தது, பெல்ட்டின் பிடியில் எருமை முறுக்கிக்கொண்டு நின்றது. பதினாலு முடிந்த அன்று காலையில் கடல் சாதாரணமாக ஒரு புத்தகத்தின் எடையில் அவள் கையில் இருந்தது. அவள் பெல்ட்டை அவிழ்த்தாள். எருமை எழுந்து, மின்விசிறியைச் சுற்றிக்கொண்டு போய், கட்டிலுக்கு மேலே தன் பழைய இடத்தில் ஒட்டிக்கொண்டது. தம்பி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கொக்கி வாங்கி வரப் போகிறார் என்று அவள் நினைத்தாள். அவர் மேலே ஒருமுறை பார்த்துவிட்டு, பல் தேய்க்கப் போனார்.

அந்த மாதம் அவருடைய மேலதிகாரி மனைவியோடு சாப்பிட வந்தார். கை கழுவ உள்ளே போனவர் திறந்திருந்த அறையில் அண்ணாந்து பார்த்தபடி நின்றுவிட்டார். "இது என்ன சார் மேல?" என்றார்.

"எருமை" என்றார் தம்பி. "பொண்ணோடது. அங்கதான் இருக்கும்." பிறகு துவாலையை எடுத்துக் கொடுத்து, சாப்பாடு ஆறிவிடும் என்று அவரைக் கூப்பிட்டுக்கொண்டு போனார்.